வலப்பக்கத்து வெல்டிங்

ஐரீன் ஹுதாக்கின் விரல்களை ஏமாற்றுவது லேசில்லை. லொரெய்ன் நகரத்து டிங்கரிங் பட்டறை ஒன்றில் இருபத்து மூன்று வருடம் உப்புத்தாள் பிடித்தவள் அவள். இடிபட்டு வந்த வண்டியைத் தட்டி நிமிர்த்தியதும் பட்டி பூசி, காய்ந்த பிறகு தண்ணீர் விட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடிப்பவனிடம் ஒப்படைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவி, "இது இரும்பு, இது பட்டி" என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். சேர்ந்த முதல் வாரம், "சமையல்கட்டைத் தேடி வழி தவறி வந்துட்டியாம்மா?" என்று கேலி செய்தவர்கள் எல்லாம், இரண்டு வருடத்தில் சந்தேகம் என்றால் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் அந்தப் பச்சை வண்டி வந்து சேர்ந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவள் கணவன் எமில், கொதிகலன் பட்டறையில் கிரேன் ஓட்டியவன். பட்டறையை இழுத்து மூடியதும் பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குப் போனான். இருபது வயதில் வாங்க முடியாததை அறுபதை நெருங்கும்போது வாங்கித் தீர்ப்பது எங்கள் ஊர் ஆண்களின் வழக்கம். எமிலுக்கு ஐம்பத்தெட்டு ஆனபோது, டுவேன் மெட்ஸ்கர் ஒரு வண்டி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினான்.

டுவேன் யாரோ எவனோ இல்லை. அதே கொதிகலன் பட்டறையில் முதல் தர வெல்டர். இருபத்தாறு வருடம் இருவரும் ஒரே காரில் வேலைக்குப் போய் வந்தார்கள். எமிலின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன்தான்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் எமிலின் வாய் திறந்தது, மூடவில்லை. எழுபதாம் வருட மாடல். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், நீண்ட பானெட். சாவியைத் திருப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். மசில் கார் என்று சொல்லும் இந்த வேகவண்டி ரகம் என்றால் எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பாதிப் பேச்சு நின்றுவிடும். எமிலுக்கு முழுசாக நின்றுவிட்டது.

"கென்டக்கில ஒரு பெரியவர்கிட்டேர்ந்து வாங்கினேன்" என்றான் டுவேன். "பனி உருக உப்பு கொட்டற நம்ம ஊர் ரோட்டையே பாக்காத, துருப்பிடிக்காத வண்டிடா. நான் மெழுகு போட்டுத் துடைச்சதோட சரி. ஒரு ஆணியக்கூடத் தொடல."

ஐரீன் கைப்பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்தாள். இரும்பில் காந்தம் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. அவ்வளவுதான் சோதனை. கை வண்டியருகே போவதற்குள் எமில் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"ஏய், உள்ள வை."

"ஒரு நிமிஷம் வச்சுப் பாத்துடறேனே."

"டுவேன் வண்டியிலயா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? மானம் போகுது, உள்ள வை."

"வைக்கட்டும்டா, எனக்கென்ன" என்று டுவேன் சிரித்தான். சிரித்தபடியே வண்டிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

எங்கள் ஊரில் அப்படித்தான். முன்பின் தெரியாதவன் வண்டியில் காந்தம் வைக்கலாம், அடியில் படுத்துப் பார்க்கலாம், எஞ்சின் எண்ணெயை நக்கிக்கூடப் பார்க்கலாம். சிநேகிதன் வண்டியில் காந்தம் வைத்தால், நீ திருடன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதாக அர்த்தம். இந்த மரியாதையினால் ஏமாந்தவர்கள் ஊருக்குள் எத்தனையோ பேர். ஐரீன் காந்தத்தைப் பைக்குள் போட்டாள். 'உள்ளது உள்ளபடி' என்று தட்டச்சு செய்த விற்பனைத் தாளில் எமில் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகாவது தடவிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்றாம் நாளே தடவினாள். இடது மட்கார்டில் பட்டி இருந்தது. சொன்னாள். "இருபத்து மூணு வயசு வண்டி, கொஞ்சம் பட்டி இருக்கத்தான் செய்யும். நீகூடத்தான் மூஞ்சிக்குப் பவுடர் போடறே" என்றான் எமில். மட்கார்டுப் பட்டியால் யாரும் சாவதில்லை என்று அவளும் விட்டுவிட்டாள். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகத் தார் பூசியிருந்தது. வண்டியைப் பேணி வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள்.

பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு சாஸேஜ் வாங்கப் போனான் எமில். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. ஏரிக்கரைச் சாலை வளைவில் வண்டியின் பின்பக்கம் தனியாக இழுத்துக்கொண்டு போய் மரத்தில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் போய்விட்டான். வேகம், ஓட்டியவர் பிழை என்று போலீஸ் எழுதியது.

அடக்கத்தன்று சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் டுவேனும் ஒருவன். பிறகு எங்கள் கார் சங்கத்து மண்டபத்தில் கறி அடைத்த கோஸ் உருண்டையைத் தட்டில் போட்டுக்கொண்டே எல்லாரும் கேட்கும்படி சொன்னான்: "பாவம், கிரேன் ஓட்டினவன். எட்டு சிலிண்டர அவனால அடக்க முடியல. 'உனக்கு இது வேணாம்டா'ன்னு நான் எவ்வளவோ சொன்னேன்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஐரீனும் அங்கேதான், கையில் காபியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஒரு வார்த்தை ஊருக்குள் ஓடத் தொடங்கியது. சிக்னலில் எவனாவது சீறிக் கிளம்பினால், "பாத்துடா, எமில் ஆயிடாதே" என்று கத்தினார்கள். மதுக்கடையில் அது வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. இருபத்தாறு வருடம் ஆட்களின் தலைக்கு மேல் இருபது டன் கொதிகலன்களைத் தூக்கி, ஒருவர் மேலும் ஒரு கீறல் விழாமல் இறக்கிவைத்தவன் எமில். அவன் பெயர் இப்போது கார் ஓட்டத் தெரியாதவனுக்கு வைத்த பெயர். செத்தவனைக் கொண்டுவர முடியாது என்று ஐரீனுக்குத் தெரியும். அந்தப் பெயரை மட்டும் இப்படியே விடுவதில்லை என்று தீர்மானித்தாள்.

அப்போதுகூட அவளுக்கு டுவேன் மேல் சந்தேகம் இல்லை, கோபம் மட்டும்தான். சந்தேகத்தை அவனே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அடக்கம் முடிந்த வாரம் வந்து, "அந்த வண்டிய நான் எடுத்துட்டுப் போய்க் கழிச்சுப் போட்டுடறேன், ஐரீன். நீ அதப் பாத்துக்கிட்டே இருக்கக்கூடாது" என்றான். நல்ல மனசு என்று நினைத்தாள். அடுத்த வாரமும் வந்தான். மூன்றாம் முறை இழுவை வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்து நின்றான்.

நொறுங்கிய வண்டிமேல் இவனுக்கு என்ன இத்தனை அக்கறை?

"நீ சிரமப்படாதே டுவேன். எங்க பட்டறையிலேர்ந்து வந்து எடுத்துட்டுப் போறாங்க. கழிச்சுப் போட்டாச்சுன்னே வச்சுக்கோ" என்றாள். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதையும் குறித்துக்கொண்டாள்.

வண்டி அன்று மதியமே அவள் பட்டறைக்குப் போயிற்று. அங்கே சேஸிஸ் வேலை பார்ப்பவன் ஹெக்டர் மரேரோ. வாய் ஓயாத ஆள். வண்டியை லிப்டில் ஏற்றி, அடியில் போய் நின்று, தாரைச் சுரண்டினான். கொஞ்ச நேரத்தில் அவன் பேச்சு நின்றது.

"ஐரீன், இது ஒரு வண்டி இல்ல."

"பின்ன?"

"ரெண்டு வண்டி. முன்பாதி ஒண்ணு, பின்பாதி இன்னொண்ணு. நடுவுல வெட்டி ஒட்டியிருக்கான் பாவி. பின்பாதி பூரா உப்பு தின்ன இரும்பு."

அன்று மாலைக்குள் எல்லாம் வெளியே வந்தது. கதவுக்குக் கீழே ரொட்டித் துண்டு கனத்துக்குப் பட்டி. ஓட்டுபவர் காலடியில் தகரத்துக்குப் பதிலாக, சாலையோரம் நடும் 'நில்' பலகையை வெட்டி அறைந்திருந்தான். கியர்பாக்ஸ் சத்தம் போடாதிருக்க மரத்தூள். சேஸிஸின் இடது ஒட்டு பிளந்து கிடந்தது. மரத்தில் அடித்த பிறகு பிளந்ததில்லை; பிளந்த பிறகுதான் வண்டி மரத்துக்குப் போயிருக்கிறது என்று ஹெக்டர் விரல் வைத்துக் காட்டினான். பிளவின் பாதி ஏற்கனவே துருவேறியிருந்தது. வலது ஒட்டு மட்டும் எப்படியோ நின்றிருந்தது.

அந்த வலது ஒட்டின் ஓரத்தை ஐரீன் தானே துடைத்தாள். விரல் எதிலோ தடுக்கியது. இன்னும் கொஞ்சம் துடைத்தாள். இரும்பில் சுத்தியலால் அறைந்து பதித்த எழுத்து. டி.எம். பதினேழு.

கொதிகலன் பட்டறையில் ஒவ்வொரு வெல்டருக்கும் அவன் பெயரின் முதலெழுத்துகளும் எண்ணும் கொண்ட ஓர் எஃகு முத்திரை உண்டு. ஒட்டு முடிந்ததும் பக்கத்தில் அதை வைத்து ஓர் அறை. பின்னால் கொதிகலன் வெடித்தால் யார் கை என்று தெரியவேண்டும் அல்லவா? டுவேனுடையது முப்பது வருடம் அறைந்த கை. ஒட்டு முடிந்தால் முத்திரைக்குப் போகாமல் அதற்கு இருக்க முடியாது. ஊரை ஏமாற்றச் செய்த வேலையிலும் டுவேன் தன்னையறியாமல் முத்திரையை அறைந்து, அதன்மேல் தாரைப் பூசியிருக்கிறான். "ஒரு ஆணியக்கூடத் தொடல" என்று சொன்ன வாய் அவன் வாய்.

ஐரீன் அழவில்லை. "நல்லது" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டுத் தனக்கே பயமாக இருந்தது என்று ஹெக்டர் பின்னால் சொல்லியிருக்கிறான்.

போலீசுக்குப் போனாள். முடிந்த வழக்கு என்றார்கள். வக்கீலிடம் போனாள். அவர் விற்பனைத் தாளில் 'உள்ளது உள்ளபடி' என்பதன் கீழே விரலை வைத்து, இதில் கையெழுத்துப் போட்டால் பின்னால் குறை சொல்ல வழியில்லை என்றார்.

"இப்ப என்ன பண்ணப் போறே?" என்றான் ஹெக்டர்.

"வண்டிய எழுப்பப் போறேன்."

"இதையா? இதுக்குப் பொணத்த எழுப்பலாம் அம்மா தாயே!"

"அத எழுப்ப முடியல. இத எழுப்பறேன்."

இரண்டு குளிர்காலம் ஆயிற்று. வேலை முடிந்து தினமும் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை முழு நாள். பட்டியை எல்லாம் உடைத்து எடுத்தாள். பின்பாதித் தகரத்தைப் புதிதாக வைத்தார்கள். எஞ்சினை இறக்கிப் பிரித்து, பிஸ்டன் மாற்றி ஏற்றினார்கள். இடது சேஸிஸில் ஹெக்டர் புது இரும்பு வைத்துக் கட்டினான். வலது பக்கம் அவன் வெல்டிங் துப்பாக்கியை எடுத்தபோது ஐரீன் குறுக்கே கை நீட்டினாள்.

"அத தொடாதே."

"இது நிக்காது, ஐரீன். சொல்லிட்டேன்."

"அது டுவேனோட வேலை. அப்படியே இருக்கட்டும்."

ஆத்திரம் ஆறிப்போகும் என்று பாதிரியார் சொன்னார். ஆறவில்லை. உப்புத்தாள் ஒவ்வொரு இழுப்புக்கும் அது கூர்மையாகிக்கொண்டே வந்தது. அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டாமா?

எங்கள் கார் சங்கத்துக்கு ஆகஸ்டில் ஏரிக்கரைப் பூங்காவில் கண்காட்சி. எட்டு சிலிண்டர் பிரிவுக்குப் பதினொரு வருடமாக டுவேன்தான் நடுவர். வண்டிக்காரர் ஐந்து நிமிடம் தன் வண்டியைப் பற்றிப் பேசலாம். நடுவர் வாயைத் திறக்காமல் நின்று கேட்கவேண்டும். மதிப்பெண் குறைத்தால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இஷ்டப்பட்டால் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். நல்ல வண்டி எதையும் டுவேன் ஓட்டாமல் விட்டதில்லை. எல்லாரும் பார்க்க ஏரிக்கரை வளைவு வரை ஒரு பறப்புப் பறந்துவிட்டு வருவான்.

அந்த ஆகஸ்டில் பச்சை வண்டி இழுவை மேடையில் வந்து இறங்கியது. வெயிலில் அதன் பச்சையைப் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. டுவேன் நடுவர் தொப்பியோடு, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தான். பத்தடி தூரத்தில் நின்றுவிட்டான்.

"ஐரீன்! இது... கழிச்சுப் போட்டாச்சுன்னியே?"

"மனசு வரல. என் அஞ்சு நிமிஷத்த ஆரம்பிக்கவா?"

சுற்றிலும் அறுபது எழுபது பேர். பாதிப் பேர் பழைய கொதிகலன் பட்டறை ஆட்கள். அவனால் நகர முடியவில்லை.

ஐரீன் குரலை உயர்த்தாமல் பேசினாள். யாரிடமிருந்து எந்தத் தேதியில் வாங்கியது என்று சொன்னாள். மடக்கு மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: ஒரு பாளம் பட்டி, 'நில்' பலகைத் துண்டு, ஒரு புட்டி மரத்தூள். "இதெல்லாம் கென்டக்கிப் பெரியவர் பண்ணதுன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, கண்காட்சிகளில் எல்லாரும் செய்வதுபோல, வண்டிக்கு அடியில் ஒரு கண்ணாடியைத் தள்ளினாள். அடிப்பக்கம் முழுதும் பளபளவென்று கறுப்பு. வலது சேஸிஸில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு வெறும் இரும்பு. எழுத்து கண்ணாடியில் திரும்பித் தெரிந்தாலும் படிக்கக் கஷ்டமில்லை.

முதலில் குனிந்தவர் ஒரு பழைய வெல்டர். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

"டேய் டுவேன், இது உன் முத்திரை இல்ல?"

டுவேனின் கழுத்து சிவந்தது. "ஆமா, நான்தான் ஒட்டினேன்! அதுக்கென்ன? என் ஒட்டு என்னைக்காவது விட்டிருக்கா? வண்டில ஒண்ணும் குத்தமில்ல. ஓட்டத் தெரியாம ஓட்டினான், போய்ச் சேந்தான்."

"ரொம்ப சரி" என்றாள் ஐரீன். சாவியை நீட்டினாள். "வலது பக்கம் நீ ஒட்டினது அப்படியே இருக்கு. உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே. வளைவு வரைக்கும் போவோம். எமில் அம்பது மைல்ல போனான்னு போலீஸ் எழுதியிருக்கு. அதே அம்பதுல போ. நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

ஹெக்டர் பாய்ந்து வந்தான். "ஐரீன், வேணாம். உனக்குத் தெரியுமில்ல..."

"நீ தள்ளி நில்லு."

அவள் சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். விளையாட்டுக்குச் செய்யவில்லை. அவன் ஓட்டியிருந்தால் அவளும் போயிருப்பாள். அதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். அன்று காலையில் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தது எனக்குத் தெரியும்.

எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது டுவேனுக்கு வேறு வழியில்லை. ஏறினான். சாவியைத் திருப்பினான். எட்டு சிலிண்டரும் ஒரே உறுமலாக உறுமின. கூட்டம் வழிவிட்டது. கையைக் கியரில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"போயேன்" என்றாள் ஐரீன்.

அவன் எஞ்சினை அணைத்தான். அத்தனை சத்தத்துக்குப் பிறகு ஏரியில் அலை அடிப்பது கேட்டது.

"முடியாது."

"ஏன் முடியாது?"

"அது நிக்காது, ஐரீன்."

"அவங்களுக்குக் கேக்கல."

"அந்த ஒட்டு நிக்காது!" என்று கத்தினான். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னான்: "அந்த இரும்புல எதுவும் பிடிக்கல. எனக்கு அப்பவே தெரியும். வேற எவனுக்காவது வித்திருந்தா மறுநாளே பறப்பான், ஒட்டு விட்டுடும். போலீஸ் என்ன எழுதினாலும் எமில் முப்பத்தஞ்சுக்கு மேல போகமாட்டான். அவ்ளோ நிதானமா ஓட்டறவன் நம்ம ஊர்லயே கிடையாது. அதனாலதான்... அதனாலதான் அவனுக்குக் குடுத்தேன்."

மதுக்கடையில் எமில் பெயரைச் சொல்லிச் சிரித்த ஆட்கள் இரண்டு மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஐரீன் பெல்ட்டைக் கழற்றினாள். அவன் மடியில் கிடந்த நடுவர் அட்டையை எடுத்து, பேனாவைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள்.

"இப்ப சொன்னத எழுது. காரணம் எழுதணும்னு விதி இருக்கே."

"ஐரீன், தயவுபண்ணி..."

"எமில் எப்படி ஓட்டுவான்னு சொன்னியே, அதையும் விடாம எழுது. எழுத்து தெளிவா இருக்கணும்."

எழுதினான். ஆறு வரி. நான்காம் வரி தெளிவாக இல்லை என்று திரும்ப எழுத வைத்தாள். கையெழுத்து வாங்கினாள். சங்கத் தலைவர் அன்றைக்கே டுவேனின் தொப்பியை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் ஹெக்டர் வலது பக்கத்தை அறுத்து எடுத்துப் புது இரும்பு வைத்தான்.

நடுவர் தாள்களைச் சங்கத்து மண்டபத்தில் அடுத்த ஆகஸ்டு வரை ஒட்டி வைப்பது வழக்கம். இந்தத் தாளை மட்டும் ஐரீன் தானே கொண்டுபோய், அங்கே வாராவாரம் நடக்கும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும் இடத்தில், கண் மட்டத்தில், நான்கு ஆணி அடித்து மாட்டினாள். தட்டோடு நகரும் ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டுத்தான் மீனுக்குப் போகவேண்டும். டுவேன் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். வரிசையில் யாரும் அவனுக்கு முன்னாலும் நிற்கவில்லை, பின்னாலும் நிற்கவில்லை. பாதியில் தட்டை வைத்துவிட்டுப் போனவன் அதற்குப் பிறகு வரவேயில்லை.

மனது ஆறியதா என்று பாதிரியார் அவளிடம் கேட்டாராம். ஆறிவிட்டது என்றாள் ஐரீன். அவள் பொய் சொல்வானேன்? அவன் வராத வெள்ளிக்கிழமைகளில் அவள் இரண்டாம் தடவையும் மீன் வாங்கிச் சாப்பிட்டாள்.